சென்னையில் வீடு வாங்கும் முன் வண்டிச் சத்தம், விமானச் சத்தம் பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு பார்க்கப் போனபோது அமைதியாகத்தான் இருந்தது. இன்னும் எதற்குச் சோதிக்க வேண்டும்?

நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். பம்மல் பக்கம் ஒரு பழைய அடுக்குமாடியில் வீடு பார்த்தது ஒரு ஜூலை மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை. விமானம் போகிற சத்தம் கேட்டது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உயரத்தில் போய் அப்படியே மறைந்தது. புரோக்கர், "பழகிடும் சார், இங்க எல்லாரும் பழகிட்டாங்க" என்றார். பத்திரம் முடித்துக் குடியேறியது செப்டம்பரில். அக்டோபர் கடைசியில் காற்று திரும்பியது. அன்று முதல் இறங்குகிற விமானங்கள் எங்கள் மொட்டை மாடிக்கு மேலே, சக்கரங்கள் தெரியும் உயரத்தில் வரத் தொடங்கின. அப்போது எங்கள் பெண் கைக்குழந்தை. ராத்திரி இரண்டு மணிக்கு அவள் திடுக்கிட்டு எழுந்து அழுத நாட்களை நான் மறக்கவில்லை.

யாரும் எங்களிடம் பொய் சொல்லவில்லை. நான்தான் ஒரே ஒரு தடவை, தவறான மாதத்தில், தவறான நேரத்தில் போய்ப் பார்த்தேன். சென்னையில் சத்தம் காற்றோடும் கடிகாரத்தோடும் இடம் மாறுகிறது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதிலிருந்து வந்தவை. அதற்குப் பிறகு உறவினர்கள், நண்பர்கள் என்று பலருக்கு வீடு பார்க்கக் கூடப் போயிருக்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவைதான் இந்தக் கேள்விகள்.

காற்று திரும்பினால் விமானச் சத்தம் எப்படி மாறும்?

விமானம் ஏறுவதும் இறங்குவதும் எதிர்க்காற்றில்தான். மீனம்பாக்கத்தில் உள்ள சென்னை விமான நிலையத்தில் இரண்டு ஓடுபாதைகள் உண்டு. பெரியது 07/25 என்ற எண் கொண்டது, ஏறத்தாழ 3.6 கிலோமீட்டர் நீளம். இந்த எண்கள் திசையைக் குறிப்பவை. பக்கத்தில் ஒரு பூஜ்யம் சேர்த்தால் பாகை கிடைக்கும். 07 என்றால் 70 பாகை, அதாவது கிட்டத்தட்ட கிழக்கே கடலைப் பார்த்து. 25 என்றால் 250 பாகை, மேற்கே பம்மல் பக்கம் பார்த்து.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று மேற்கிலிருந்து வரும். அப்போது விமானங்கள் பெரும்பாலும் கடல் பக்கமிருந்து நகரத்துக்கு மேலே இறங்கி வந்து தரை தொடும்; மேற்கு நோக்கி ஏறிப் போகும். வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் பாதியிலிருந்து, இது தலைகீழ். மேற்கிலிருந்து தாழ்வாக இறங்கும். நகரத்துக்கு மேலே ஏறிக் கடலுக்குப் போகும்.

கோடைக்காலத்தில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காலையில் மேற்குக் காற்று, மதியத்துக்கு மேல் கடற்காற்று. அதனால் ஒரே நாளிலேயே ஓடுபாதையின் திசை மாறலாம். ஏப்ரல், மே மாதங்களில் காலை பத்து மணிக்குப் பார்த்துவிட்டு "சத்தமே இல்லை" என்று முடிவு செய்தவர், மாலை நான்கு மணிக்கும் ஒருமுறை போய் நின்றிருக்க வேண்டும்.

அப்படியானால் எந்தெந்தப் பகுதிகள் பாதையின் கீழே வருகின்றன?

வரைபடத்தை எடுத்துப் பெரிய ஓடுபாதையின் மேல் ஒரு அளவுகோலை வையுங்கள். கோட்டை இரண்டு பக்கமும் நீட்டுங்கள். கிழக்கே ஆலந்தூர், கிண்டி, கோட்டூர்புரம், ராஜா அண்ணாமலைபுரம் வழியாகப் பட்டினப்பாக்கம் கடற்கரையைத் தொடும். மேற்கே பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் ஓரமாகப் போகும். இந்தக் கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் ஒரு கிலோமீட்டர் வரை நான் கவனமாகப் பார்ப்பேன்.

இரண்டாவது ஓடுபாதை 12/30. அடையாற்றின் மேல் பாலம் போட்டு நீட்டியிருக்கிறார்களே, அதுதான். அதன் கோடு ஒருபுறம் கொளப்பாக்கம், கெருகம்பாக்கம் பக்கமும், மறுபுறம் நங்கநல்லூர் பக்கமும் போகிறது. இதில் போக்குவரத்து குறைவு. ஆனால் குறைவு என்பதை இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிய ஓடுபாதையில் பராமரிப்பு வேலை நடக்கும் நாட்களில் சத்தம் இந்தப் பக்கம் வந்துவிடும்.

கோட்டுக்கு அடியில் இல்லாமல் ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் இருக்கும் வீடுகளுக்கு வேறு வகைச் சத்தம். ஏறுவதற்கு முன் இன்ஜினை முழு வேகத்துக்குக் கொண்டுபோகும் உறுமலும், இறங்கிய பின் வேகத்தைக் குறைக்க இன்ஜின் காற்றை எதிர்ப்பக்கம் திருப்பும்போது வரும் இரைச்சலும் அங்கேதான் அதிகம்.

விமான நிலையத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. போதாதா?

எந்தத் திசையில் எட்டு கிலோமீட்டர் என்று கேட்பேன். பக்கவாட்டில் மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீடு, கோட்டுக்கு நேர் அடியில் எட்டு கிலோமீட்டரில் இருக்கும் வீட்டைவிட அமைதியாக இருக்கலாம்.

இறங்கும் விமானம் பொதுவாக 3 பாகைச் சரிவில் வரும். ஓடுபாதைத் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 52 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளலாம்; தொடக்கத்தைக் கடக்கும்போதே இருக்கும் சுமார் 15 மீட்டரையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். 2 கிலோமீட்டர் தொலைவில் தலைக்கு மேல் ஏறத்தாழ 120 மீட்டர் உயரத்தில் போகும். அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தினால் அதற்குச் சற்றே மேலே. 5 கிலோமீட்டரில் சுமார் 275 மீட்டர். 8 கிலோமீட்டரில் 430 மீட்டர். இந்தக் கணக்கை உங்கள் வீட்டுக்கு நீங்களே போட்டுப் பார்க்கலாம். விளம்பரத்தில் "ஏர்போர்ட்டுக்குப் பத்து நிமிடம்" என்று போட்டிருந்தால் கட்டாயம் போட்டுப் பாருங்கள்.

எந்த நேரத்தில் போய்ப் பார்ப்பது நல்லது?

நடு இரவு பன்னிரண்டு முதல் அதிகாலை நான்கு வரை. சென்னை விமான நிலையம் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது, இரவில் மூடுவதில்லை. வெளிநாட்டு விமானங்கள் நிறைய வருவதும் போவதும் இந்த நேரத்தில்தான். பகலில் தெருச் சத்தத்தில் மறைந்துபோகும் விமானம், ராத்திரி ஒன்றரை மணிக்குத் தனியாகக் கேட்கும்.

ஒரு இரவாவது அந்தத் தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கி ஒரு மணி நேரம் உட்காருங்கள். வாட்ச்மேனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் சந்தேகப்பட மாட்டார். அதைவிட நல்லது, விற்பவரின் அனுமதியோடு வீட்டிலேயே ஒரு இரவு தங்குவது. காலி வீடாக இருந்தால் பாய், தலையணையோடு போகலாம். கேட்கவே கூச்சமாக இருக்கும், தெரியும். ஆனால் எண்பது லட்சம் கொடுக்கப் போகிறவர் ஒரு இரவு கேட்பதில் தவறே இல்லை.

முடிந்தால் இரண்டு காற்றுக் காலத்திலும் பாருங்கள். அவ்வளவு மாதங்கள் காத்திருக்க யாராலும் முடியாது என்பதும் உண்மை. அதற்குத்தான் அடுத்த கேள்வி.

வேறு பருவத்தில் எப்படி இருக்கும் என்பதை இப்போதே தெரிந்துகொள்ள முடியுமா?

ஃப்ளைட்ரேடார்24 போன்ற செயலிகளில் விமானங்கள் போகும் வழியையும் உயரத்தையும் நேரடியாகப் பார்க்கலாம். கடந்த சில நாட்களின் ஓட்டத்தைத் திரும்ப ஓட்டியும் பார்க்கலாம். வீட்டு மொட்டை மாடியில் நின்றுகொண்டு, தலைக்கு மேல் போகும் விமானத்தைச் செயலியில் தொட்டால் அதன் உயரம் தெரியும். அன்று எந்தத் திசையில் இறங்குகிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடலிலிருந்து இறங்கும் நாள் என்றால், அந்த வீட்டின் மேல் மற்ற ஆறு மாதம் நடப்பதை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்று பொருள்.

மீதிக்கு அக்கம்பக்கத்தில் கேளுங்கள். "சத்தம் இருக்கா?" என்று கேட்டால் யாரும் சரியாகப் பதில் சொல்ல மாட்டார்கள். சொந்த வீட்டுக்காரர் தன் தெருவைக் குறைத்துப் பேச விரும்ப மாட்டார். "தீபாவளி சமயத்துல விமானம் எந்தப் பக்கமா வரும்?", "போன் பேசும்போது நிறுத்திட்டுப் பேச வேண்டியிருக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். வாடகைக்கு இருப்பவர், தெருமுனையில் இஸ்திரி போடுபவர், பால் போடும் பையன் ஆகியோரிடம் நேர்மையான பதில் கிடைக்கும். எனக்கு இதுவரை கிடைத்த நல்ல தகவல்களில் பாதி இஸ்திரி வண்டிக்காரர்கள் சொன்னவை.

நாங்கள் பார்ப்பது சேலையூரில். மீனம்பாக்கம் விமானம் அங்கே வராதே?

மீனம்பாக்கத்தைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். ஆனால் கிழக்குத் தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது. விமானப் பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி அங்கே 1954 முதல் இயங்குகிறது. பயிற்சி விமானம் ஒரு முறை போய்விட்டு மறைவதில்லை, சுற்றிச் சுற்றி வரும். இது பெரும்பாலும் வேலை நாட்களின் பகல் நேரம். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் பார்ப்பவர்கள் ஒரு செவ்வாய் அல்லது புதன் காலை போய் வாருங்கள்.

பரந்தூர் விமான நிலையம் வந்துவிட்டால் மீனம்பாக்கம் சத்தம் குறைந்துவிடும் என்கிறார்களே?

சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூரைத் தேர்ந்தெடுத்ததாக அறிவிப்பு வந்தது 2022-இல். அங்குள்ள ஏகனாபுரம் மக்கள் தங்கள் நிலத்துக்காக அதை எதிர்த்துத் தொடர்ந்து போராடுகிறார்கள். அது கட்டி முடிந்தாலும் மீனம்பாக்கமும் சேர்ந்தே இயங்கும் என்பதுதான் திட்டம். எதிர்காலத்தில் சத்தம் குறையும் என்று சொல்லி இன்று யாராவது வீடு விற்றால், அந்த வாக்குறுதிக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளித்தான் வீடு. வண்டிச் சத்தம் வராது அல்லவா?

தள்ளியிருப்பது நல்லதுதான், ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு அது உதவுவதில்லை. ஓயாமல் வண்டி ஓடும் சாலையிலிருந்து தூரத்தை இரட்டிப்பாக்கினால் சத்தம் வெறும் 3 டெசிபல்தான் குறையும். காதுக்குப் பாதியாகக் குறைந்தது போலத் தோன்ற 10 டெசிபல் குறைய வேண்டும். தூரத்தைவிட நடுவில் நிற்கும் கட்டடம்தான் நல்ல காவல். சாலைக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே நான்கு மாடி வரிசை ஒன்று இடைவெளி இல்லாமல் நின்றால் பெரிய வித்தியாசம் தெரியும். காலி மனை இருந்தால் ஒன்றும் தெரியாது. ஒரு வரிசை வேப்ப மரமும் அசோக மரமும் நிழல் தரும், மனதுக்கு இதம் தரும். சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது.

உள்தெருவில் நான் முதலில் பார்ப்பது, அது குறுக்கு வழியா என்பதைத்தான். கூகுள் மேப்பில் சிக்னலைத் தவிர்க்க அந்தத் தெருவைக் காட்டுகிறதா? காலை எட்டரைக்கும் மாலை ஆறரைக்கும் போட்டுப் பாருங்கள். காட்டுகிறது என்றால் அது உள்தெரு இல்லை, சின்ன மெயின் ரோடு.

அப்புறம் வேகத்தடை. வாசலுக்கு நேர் எதிரே வேகத்தடை இருந்தால் ஒவ்வொரு வண்டியும் பிரேக் போட்டு, குலுங்கி, மறுபடி கியர் மாற்றி ஏறும். காலித் தண்ணீர் லாரி அதில் ஏறி இறங்கும் ஓசையை ஒருமுறை கேட்டால் போதும். சிக்னலும் அதே மாதிரிதான், பச்சை விழுவதற்கு முன்பே ஹாரன். மேம்பாலம் பக்கத்தில் என்றால் இரண்டு விஷயம்: ஏறும் சரிவில் பேருந்துகள் முக்கிக்கொண்டு ஏறும் சத்தம், பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் விழும் "தடக் தடக்". இந்தத் தடக் பகலில் தெரியாது. இரவில் எண்ணிக்கொண்டு படுத்திருக்கலாம்.

இரவில் வண்டிகள் குறைந்துவிடும்தானே?

எண்ணிக்கை குறையும். ஆனால் பகலில் நகருக்குள் கனரக வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் லாரிகள் இரவில்தான் ஓடுகின்றன. மாதவரம், மணலி, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர்கள். பெருங்களத்தூரிலிருந்து மதுரவாயல் வழியாகப் புழல் போகும் பைபாஸ். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை. இவற்றின் ஓரமாக இப்போது எவ்வளவோ புதிய பிளாட்டுகள் வருகின்றன. அங்கே பார்ப்பவர்கள் இரவு பதினொன்றுக்குப் போகாமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மார்கழி, தை மாதங்களில் தரையோரக் காற்று குளிர்ந்து மேலே வெதுவெதுப்பாக இருக்கும்போது சத்தம் வளைந்து வெகுதூரம் போகும். அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பைபாஸ் அதிகாலையில் பக்கத்துத் தெருவில் ஓடுவது போலக் கேட்பது அதனால்தான். மழை பெய்து சாலை நனைந்திருந்தால் டயர் சத்தமும் கூடும்.

சாலை பிறகு மாறிவிட்டால்?

மாறும். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்த பிறகு தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டை விட்டு வண்டலூர், ஊரப்பாக்கம் பக்கம் போய்விட்டன. ஒரு பக்கத்துக்கு நிம்மதி, மறுபக்கத்துக்கு ஹாரன். மெட்ரோ இரண்டாம் கட்டம் ஏறத்தாழ 119 கிலோமீட்டர், மூன்று வழித்தடங்கள். வேலை நடக்கும் இடங்களில் உள்தெருக்களுக்குத் திருப்பிவிடப்பட்ட வண்டிகள் வேலை முடிந்ததும் போய்விடும், ஆனால் உயர்மட்டத் தூண்களின் மேல் ஓடப்போகும் ரயில் நிரந்தரம். மூன்றாவது மாடி ஜன்னலுக்கு நேராகத் தூண் தெரிந்தால் யோசியுங்கள். வீட்டு முன் சாலையை அகலப்படுத்தும் திட்டம் உண்டா என்று சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) முழுமைத் திட்ட வரைபடத்தில் பாருங்கள். வக்கீல் பத்திரம் பார்க்கும்போதே இதையும் கேட்டு வாங்கிவிடலாம்.

ரயில் பாதை பக்கத்தில்?

மின்சார ரயில் பழகிவிடும் என்று பலர் சொல்வதை நான் நம்புகிறேன், ஒரே சீரான சத்தம். பழகாதது லெவல் கிராசிங் ஹாரனும், இரவில் போகும் சரக்கு ரயிலின் அதிர்வும். கட்டிலில் படுத்துப் பார்த்தால்தான் அதிர்வு தெரியும்.

எந்த மாடி நல்லது?

சாலைச் சத்தத்துக்கு, மதில் சுவர் மறைக்கும் தரைத்தளம் சில சமயம் முதல் மாடியைவிட அமைதி. மேலே போகப் போகச் சாலை முழுதும் கண்ணில் படும், படுகிற இடமெல்லாம் காதிலும் விழும். பத்தாவது மாடிக்குப் போனால் தப்பிவிடலாம் என்று எண்ணாதீர்கள். விமானத்துக்குக் கடைசி மாடி மோசம், கூரை வழியாகவும் வரும். மாடியைவிடப் படுக்கையறை எந்தப் பக்கம் என்பதற்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். ஹால் சாலையைப் பார்த்தும் படுக்கையறை பின்பக்கமும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் பின்பக்கம் ஜெனரேட்டரோ கல்யாண மண்டபமோ இருக்கிறதா என்றும் எட்டிப் பாருங்கள்.

போனில் டெசிபல் அளக்கும் செயலியை நம்பலாமா?

ஒப்பிடுவதற்கு நம்பலாம். இரண்டு வீடுகளை ஒரே போனில், ஒரே மாதிரி ஜன்னலைத் திறந்து வைத்து அளந்தால் எது சத்தம் என்று தெரியும். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு வழக்குப் போட முடியாது. சராசரியையும் உச்சத்தையும் தனித்தனியாகக் குறியுங்கள். விமானம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் சராசரி சாதுவாகத் தெரியும், தூக்கத்தைக் கெடுப்பது உச்சம்.

ஒப்பிடச் சில எண்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல்தான் வரம்பு. வணிகப் பகுதியில் 65, 55. விமான நிலையப் பகுதிகளுக்கு 2018-இல் தனி வரம்பு வந்தது: பரபரப்பான நிலையங்களுக்குப் பகலில் 70, இரவில் 65. அதாவது விமான நிலையப் பகுதிக்குள் வரும் வீட்டுக்கு, இரவில் 65 வரை போனாலும் சட்டம் மீறப்படவில்லை. உலக சுகாதார அமைப்பு 2018-இல் ஐரோப்பாவுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலோ, விமானச் சத்தம் இரவில் 40-க்கு மேல் வேண்டாம் என்கிறது. இந்த இடைவெளியைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது, இன்னும் இருக்கிறது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011 முதல் பெருநகரங்களில் ஒலியைத் தொடர்ந்து அளக்கிறது. சென்னையில் கிண்டி, தியாகராய நகர், பெரம்பூர், வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற இடங்களில் கருவிகள் உண்டு. உங்கள் தெருவின் நிலவரம் அதில் கிடைக்காது, பகுதியின் போக்கு கிடைக்கும்.

சவுண்ட் புரூஃப் ஜன்னல் போட்டுவிட்டால் முடிந்ததா?

ஓரளவு. சத்தம் நுழைவது பெரும்பாலும் இடுக்கு வழியாக. தள்ளித் திறக்கும் ஜன்னலைவிட, கதவு போலத் திறந்து ரப்பர் விளிம்போடு இறுக மூடும் யு.பி.வி.சி. (கெட்டி பிளாஸ்டிக்) ஜன்னல் மேலானது. நடுவே படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடி இன்னும் நல்லது. ஏ.சி. குழாய்க்குப் போட்ட ஓட்டை, வென்டிலேட்டர், பழைய கதவின் அடி இடைவெளி, எல்லாவற்றையும் அடைத்தால்தான் பலன்.

ஆனால் ஜன்னல் மூடியிருக்கும்வரைதான் அது வேலை செய்யும். பாதி திறந்தாலே போட்ட காசு வீண். சென்னை மே மாதத்தில் மூடிய வீடு என்றால் நாள் முழுதும் ஏ.சி., மாதாமாதம் கரன்ட் பில். ஜன்னல் செலவோடு அதையும் வீட்டு விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சத்தத்தைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லலாமா?

தாராளமாக. ஜன்னல் மாற்ற ஒரு கடையில் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லுங்கள். "சத்தமா இருக்கு" என்பதைவிட ஒரு தாளில் உள்ள எண்ணுக்கு மதிப்பு அதிகம். நாளை நீங்கள் விற்கும்போது வாங்குபவரும் இதையே கேட்பார்.

டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். இப்போதுதான் இதைப் படிக்கிறேன். என்ன செய்வது?

ஒப்பந்தம் எழுதும் முன் என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. இன்று இரவே போங்கள். பன்னிரண்டு மணிக்கு அந்தத் தெருவில் நின்று, நான்கு வரை முடியாவிட்டாலும் இரண்டு மணி வரையாவது கேளுங்கள். வீட்டில் தூக்கம் லேசாக இருப்பவர் யாரோ, அம்மாவோ மாமியாரோ, அவர்களையும் அழைத்துப் போங்கள். நான் தனியாகப் போய், எனக்குப் பரவாயில்லை என்று முடிவு செய்துவிட்டு வந்தேன். அந்த வீட்டில் அதிக நேரம் இருக்கப் போகிற என் மனைவியிடம் கேட்கவில்லை.